நிறுவனத்திடம் கொடுத்த சொந்த விவரம் கசிந்த பிறகு எந்தக் கதவைத் தட்டுவது? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஆதார் பிரிண்ட், கரண்ட் பில், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று பொழுது போகும். சில வருடங்களாகப் போனை நீட்டி, "இது இன்னான்னு படிச்சு சொல்லுபா" என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர். ஈரம் படாமல் இருக்க போனைப் பால் கவருக்குள் போட்டு வைத்திருப்பார். கவரோடு சேர்த்துத்தான் ஸ்கிரீனைத் தேய்ப்பார்.

தவணையில் மிக்ஸி வாங்கியிருந்தார். கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். "என் பேரு, எங்க வூட்டுக்காரர் பேரு, மிக்ஸி வாங்குன தேதி, கடைசித் தவணை எவ்ளோன்னு அத்தனையும் கரெக்டா சொல்றான் தம்பி. நம்பாம எப்டி இருப்பேன்?" ஓடிபி சொல்லிவிட்டார். ரூ. 9,800 போய்விட்டது.

அவருடைய இன்பாக்ஸைத் தள்ளிக்கொண்டே போனேன். பதினொரு நாள் முன்பு அதே நிறுவனம் அனுப்பிய ஆங்கில மெசேஜ் ஒன்று படிக்கப்படாமல் கிடந்தது. எங்கள் கணினி அமைப்பில் ஒரு பாதுகாப்புச் சம்பவம் நடந்திருக்கிறது, உங்கள் தகவல்கள் சில பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சுற்றி வளைத்து நான்கு வரி. அந்த நான்கு வரிதான் வழக்கின் அஸ்திவாரம். விளம்பர மெசேஜோடு சேர்த்து அதையும் அழித்திருந்தால் அக்கா கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

முதலில்: எதையும் அழிக்காதீர்கள்

மெசேஜ் வந்த எண், தேதி, நேரம் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னஞ்சல் என்றால் அதை ஃபார்வர்டு செய்து வைப்பதோடு நிறுத்தாமல், அசலையும் அப்படியே விட்டு வையுங்கள். மோசடிக்காரன் கூப்பிட்டிருந்தால் கால் லாக்கையும் படம் எடுங்கள். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்று என்ன நடந்தது, யாரிடம் பேசினீர்கள், புகார் எண் என்ன என்று தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். கிண்டலாகத் தெரியலாம். ஆறு மாதம் கழித்து உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி "எந்தத் தேதி?" என்பதுதான்.

கசிந்த விவரத்தில் நாமும் இருக்கிறோமா என்று பார்க்க, டெலிகிராமில் சுற்றும் கோப்புகளை மட்டும் தரவிறக்க வேண்டாம். வைரஸ் ஒரு பக்கம், அடுத்தவர் விவரத்தைக் கையில் வைத்திருக்கும் சிக்கல் இன்னொரு பக்கம். "கசிவுக்கு நஷ்டஈடு தருகிறோம், லிங்கை அழுத்துங்கள்" என்று வருவதும் மோசடிதான். அமெரிக்காவில் 2017-ல் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் அறிக்கை நிறுவனத்தில் நடந்த கசிவுக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 42.5 கோடி டாலர் வரை ஒதுக்கி சமரசம் ஆனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் வீடு தேடி செக் வரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வராது. இங்கே நாமாகப் போய்க் கேட்க வேண்டும். கசிந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, அதனால் நமக்கு என்ன ஆனது என்றும் காட்ட வேண்டும்.

பணம் போயிருந்தால்

வேறு எதையும் யோசிக்காமல் 1930-க்கு அடியுங்கள். கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்) பதியுங்கள். பணம் கைமாறிக் கைமாறி ஓடும். இடையில் எந்தக் கணக்கிலாவது தங்கியிருந்தால் முடக்கிவிடலாம். அதனால் இதில் மணிக்கணக்குகூட இல்லை, நிமிடக்கணக்கு. ஒப்புகை எண்ணை நோட்டில் எழுதுங்கள். அடுத்த போன் வங்கிக்கு. அங்கேயும் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிகள் இங்கேதான் கை கொடுக்கும். தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தாலும் பொறுப்பு பூஜ்யம். தகவல் வந்த நாளை இதில் எண்ணக்கூடாது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் ரூ. 10,000 வரை உங்கள் தலையில் விழும். மினிமம் பேலன்ஸ் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு ரூ. 5,000. புகார் வந்த பத்து வேலை நாளில் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பாரமும் வங்கியுடையதே.

ஆனால் ஓடிபி சொல்லியிருந்தால் கதை வேறு. புகார் செய்யும் வரை போன பணம் உங்கள் அலட்சியக் கணக்கில் போய்விடும். அக்காவுக்கு வங்கி கைவிரித்தது இதனால்தான். அதற்காக எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. மோசடிக்காரன் நம்பும்படி பேசியதற்குக் காரணம் கடன் நிறுவனத்திலிருந்து கசிந்த விவரம். கேள்வியை வங்கியிடமிருந்து அந்த நிறுவனத்தின் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

பணம் போகவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், குறிப்பாக அதே கடவுச்சொல்லை வேறெங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அங்கெல்லாம். ஆதார் எண் கசிந்திருந்தால் கைரேகையைப் பூட்டி வையுங்கள். ஆதார் செயலியிலேயே செய்யலாம். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு அது நல்ல தடுப்பு. ரேஷன் கடையில் ரேகை வைக்கப் போகும் அன்று திறந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி பூட்டலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். வியாசர்பாடியில் ஒருவர் பார்த்தபோது ஆறு வந்தது, அவரிடம் இருந்தது இரண்டுதான்.

பான் எண் கசிந்திருந்தால், உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். ஒரே நாளில் நான்கையும் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண்ணில் வைத்திருக்கலாம். நீங்கள் வாங்காத கடன் அதில் தெரிந்தால் உடனே திருத்தம் கேட்டு எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 உங்களுக்குத் தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம்

போனில் திட்டுவது மனசுக்கு ஆறுதல். வழக்குக்கு உதவாது. எழுத்தில் கேளுங்கள். 2011-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இப்படி விவரம் வாங்கி வைக்கும் நிறுவனம் ஒரு குறைதீர் அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் முகவரியையும் இணையதளத்தில் போட வேண்டும். புகாரை ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், தனியுரிமைக் கொள்கை என்ற பக்கத்தில் இருக்கும். மின்னஞ்சல் ஒன்றும், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் ஒன்றும் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். அக்காவுக்கு நான் அடித்துக் கொடுத்தது கிட்டத்தட்ட இதுதான்:

"நான் உங்கள் நிறுவனத்தில் இந்தக் கடன் எண்ணில் வாடிக்கையாளர். இன்ன தேதியில் உங்களிடமிருந்து வந்த குறுஞ்செய்தியின் நகலை இணைத்துள்ளேன். என்னுடைய எந்தெந்த விவரங்கள் கசிந்தன, எந்தத் தேதியில் கசிந்தன, உங்களுக்கு எப்போது தெரியவந்தது, அதன் பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். இந்த விவரங்களை வைத்து என்னை ஏமாற்றியதில் ரூ. 9,800 இழந்தேன். அந்தத் தொகையையும் அலைச்சலுக்கான இழப்பீட்டையும் இக்கடிதம் கிடைத்த 30 நாளில் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

"உங்களுக்கு எப்போது தெரியவந்தது" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சைபர் பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்தில் சிஇஆர்டி-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. அரசாங்கத்துக்கு ஆறு மணி நேரத்தில் சொல்ல வேண்டியதை வாடிக்கையாளருக்குச் சொல்ல ஏன் அத்தனை நாள் ஆனது என்று பின்னால் கேட்க அந்தத் தேதி வேண்டும்.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்த ஒரு இடத்திலிருந்து என் விவரம் வெளியே போய், சர்க்கரை மருந்து விற்கிறவர்கள் தினம் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடிதம் போட்டேன். இருபத்தாறாம் நாள் வந்த பதிலில் "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்" என்று இருந்தது, வேறு எதுவும் இல்லை. அப்படி வெறும் பதில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நுகர்வோர் ஆணையம்: நம் பக்கத்துக்கு ஏற்ற கதவு

என்னைக் கேட்டால், சாதாரண ஆள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். வக்கீல் கட்டாயமில்லை, செலவும் குறைவு. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி, குருகிராமில் இருந்தாலும் சரி, திருவொற்றியூர்க்காரர் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த வசதி இது.

சட்டத்தில் பிடித்துக்கொள்ள இரண்டு கொம்பு இருக்கிறது. ஒன்று, சேவைக் குறைபாடு. அலட்சியத்தால் நுகர்வோருக்கு நஷ்டம் உண்டானால் அது குறைபாடு. சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடு. பிரிவு 2(11). இரண்டாவது, நேர்மையற்ற வணிக நடைமுறை. நம்பிக்கையில் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் அடுத்தவருக்கு வெளியிடுவது அந்தப் பட்டியலில் நேரடியாகவே இருக்கிறது. பிரிவு 2(47). ஊழியரே விவரத்தை விற்றிருந்தால் இரண்டாவது கொம்பு உறுதி. வெளியாள் திருடியிருந்தால், "நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான்" என்று நிறுவனம் சொல்லும். அப்போது முதல் கொம்பைப் பிடியுங்கள்: பூட்டு சரியில்லை, திருட்டுப் போனதையும் நேரத்தோடு சொல்லவில்லை.

நிறுவனங்கள் அப்படிச் சொல்வது புதிதில்லை. 2024-ல் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட்களில் வந்தபோது, அந்த நிறுவனமே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராமுக்கும் ஹேக்கருக்கும் எதிராக இடைக்காலத் தடை வாங்கியது. நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள நீதிமன்றம் போகும். நம்மைக் காத்துக்கொள்ள நாம் போக வேண்டும்.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்துச் சேவை வாங்கியவர்தான் இந்தச் சட்டத்தில் நுகர்வோர். முழுக்க இலவசமான செயலியிலிருந்து விவரம் கசிந்தால் இங்கே நிற்பது கஷ்டம். அதனால் ஒரு ரூபாய் கட்டியிருந்தாலும் ரசீதைத் தேடி எடுங்கள். அக்காவிடம் கடன் ஒப்பந்தத்தில் "செயலாக்கக் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. மாவட்ட ஆணையம் ஐம்பது லட்சம் வரை பார்க்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

2025 ஜனவரி முதல் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகப் பதியலாம். புகாரை வரிசை எண் போட்ட சின்னச் சின்னப் பத்திகளாக எழுதுங்கள். நீங்கள் யார், எதிர்தரப்பு யார், என்ன சேவை வாங்கினீர்கள், எப்போது கசிந்தது, உங்களுக்கு என்ன ஆனது, எந்தத் தேதியில் கடிதம் போட்டீர்கள், இப்போது என்ன வேண்டும். கூடவே உறுதிமொழிப் பத்திரம், ஆவணப் பட்டியல். பத்திரம் அடிக்க, நோட்டரி கையெழுத்து வாங்க, பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றி ஆள் கிடைப்பார்கள். கையெழுத்துக்கு முன் விலை பேசிவிடுங்கள்.

எவ்வளவு கேட்பது? போன பணம், வங்கிக்கும் போலீசுக்கும் அலைந்த செலவு, மன உளைச்சல் என்று தனித்தனியாகப் போடுங்கள். கோடி கேட்டால் கோபம் தெரியும், கணக்கு தெரியாது. அக்கா ஐந்து நாள் ஏலத்துக்குப் போக முடியவில்லை. அந்த ஐந்து நாள் வருமானத்தையும் சேர்த்தோம். ஆதாரம்? ஐஸ் கடைக்காரரின் துண்டுச் சீட்டு. மற்ற நாள்களில் சீட்டு இருந்தது, அந்த ஐந்து நாள் இல்லை.

ஒரே கசிவில் தெருவில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டிருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காகப் போடலாம். பிரிவு 35(1)(சி). அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்து பார்ப்பதும் நல்லது. சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன.

கோட்டைக்குப் போகும் வழி

வங்கி விவரம், கார்டு விவரம், கடவுச்சொல், மருத்துவ விவரம், கைரேகை போன்றவை கசிந்து நஷ்டம் பெரிதாக இருந்தால் இன்னொரு கதவு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43ஏ. முறையான பாதுகாப்பு வைக்காமல் அலட்சியமாக இருந்த நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். இதை விசாரிப்பவர் மாநில ஐ.டி. துறைச் செயலாளர், தலைமைச் செயலகத்தில். ஐந்து கோடி வரை கேட்கலாம். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். வெறும் பெயர், போன் நம்பர் கசிந்ததற்கு இந்தப் பிரிவு வராது. 2010-ல் தமிழ்நாட்டு ஐ.டி. செயலாளர், இணைய மோசடியில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு ரூ. 12.85 லட்சம் தரும்படி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவு போட்டார். வழி இருக்கிறது. ஆனால் இதற்கு விவரம் தெரிந்த வக்கீல் வேண்டும்.

புதுச் சட்டம் என்ன தரும், என்ன தராது

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நமக்கு வேண்டிய முக்கியமான பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதன் பிறகு கசிவைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல், புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம். சொல்லாமல் மறைத்ததற்கு 200 கோடி வரை.

எண்ணைக் கேட்டு வாய் பிளக்க வேண்டாம். அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும், நமக்கு ஒரு பைசா கிடையாது. அதோடு, மேலே சொன்ன 43ஏ பிரிவும் அப்போது நீக்கப்படுகிறது. எனக்கு இதில் வருத்தம்தான். அந்தச் சட்டப்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் புகார் செய்து நிறுவனத்தைத் தண்டிக்க வைக்கலாம், ஆனால் இழந்த பணத்துக்கு வேறு கதவைத்தான் தட்ட வேண்டும். பொய்ப் புகாருக்கு நமக்கும் ரூ. 10,000 வரை அபராதம் உண்டு.

போலீஸ், இலவச வக்கீல்

ஏமாற்றியவன் மீது நடவடிக்கைக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். "இது எங்க ஸ்டேஷன் லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பக்கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173-படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம், எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100. இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்போ இவ்ளோ நாளா சொல்லலியே" என்று என்னைத்தான் முறைத்தார்.

பார்க் டவுனில் முதல் நாள்

ஆணையம் பார்க் டவுனில் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கினால் பக்கம். எல்லா ஆவணத்தின் அசலையும் ஒரு உறையில், நகலை இன்னொரு உறையில் வையுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும், அந்த மெசேஜைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். முதல் நாள் பெரும்பாலும் வழக்கை ஏற்பதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஏற்றால் நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகும். பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. நோட்டீஸ் நிறுவனத்தின் கைக்குக் கிடைத்த மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா நீளும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்தாவிலும் அடுத்த தேதியைக் கேட்டு நோட்டில் எழுதாமல் கிளம்பாதீர்கள்.

அக்கா நோட்டில் இப்போது நான்காவது தேதி எழுதியிருக்கிறது. மூன்றாவது வாய்தாவுக்கு முன்பே நிறுவனத்தின் வக்கீல் கூப்பிட்டு, போன பணத்தை மட்டும் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றாராம். "எழுதிக் குடுங்க, தம்பி படிச்சுட்டு சொல்லும்" என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னும் எழுத்தில் வரவில்லை.